வலப்பக்கம் போகிற பந்து

தலை கீழே. இடது கை நேராக. வலது முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. பிடி இறுகக் கூடாது, கோழிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரி பிடிக்க வேண்டும், நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கு, உட்காரப் போகிறவள் மாதிரி, ஆனால் உட்காராதே. அறுபதை எட்டிப் பார்க்கிற ஒருத்தி விடிந்தும் விடியாமலும் ஒரு வெள்ளைக் கோல்ஃப் பந்தின் முன்னால் நின்று இத்தனையையும் ஒரே நேரத்தில் நினைக்க வேண்டும் என்கிறார்கள். நாலு அடுப்பில் நாலு பாத்திரம் வைத்துச் சமாளித்தவள்தான் நான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அங்கே ரசம் பொங்கினால் ரசம் மட்டும்தான் பொங்கும், சாம்பார் எழுந்து வலப்பக்கம் ஓடாது. இங்கே முழங்கையை நினைத்தால் தலை மறந்துபோகிறது, தலையை நினைத்தால் பிடி இறுகிவிடுகிறது. பின்னால் நாற்காலியில் அவர், என் வீட்டுக்காரர், உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காமலே தெரியும், வலது கால் மேல் இடது கால், கையில் கண்ணாடிக் கூடு, அதை மூடித் திறந்து மூடித் திறந்து ஒரு சின்னச் சத்தம். நான் மட்டையைத் தூக்கியதும் அந்தச் சத்தம் நின்றுவிடும். இதோ நின்றுவிட்டது. டிரைவர் என்கிற இந்த மட்டை, பையில் இருப்பதிலேயே நீளமானது, மேலே போகிறது, தோள் திரும்புகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, நன்றாகத்தான் இறங்குகிறது, பட்டும்விட்டது. நான் நிமிர்ந்து பார்க்கும்போது பந்து நேராகத்தான் கிளம்புகிறது, வெட்கமில்லாமல் நேராகக் கிளம்பிவிட்டு, பாதி வானத்தில் என்னவோ ஞாபகம் வந்ததுபோல வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து வேலியோரத்துத் தென்னைகளுக்குள் போய் விழுகிறது. பின்னாலிருந்து குரல் வருகிறது. "எங்க போச்சு?" "கொஞ்சம் வலதுங்க" என்கிறேன். கொஞ்சம்! அந்தக் கொஞ்சத்தில் ஒரு கல்யாண மண்டபமே கட்டலாம்.

"கொஞ்சமில்ல" என்கிறார் அவர். "சத்தம் சரியில்ல. உரசிட்டுப் போச்சு." அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்பதில்லை. பம்பு மோட்டார் செய்கிறவர். சொந்தக் கம்பெனி, தன் கையால் ஆரம்பித்தது. ஓடுகிற மோட்டார் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். உள்ளே பேரிங்கில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்போது மூடிய கண் வேண்டுமென்று மூடிய கண். நாச்சிமுத்து கையை வைத்தால் மோட்டார் வாயைத் திறந்து சொல்லிவிடும் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பெருமைதான், வெளியே காட்டிக்கொண்டதில்லை. இப்போது அந்தக் கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இருப்பது என்றால், நேரே மட்டும்தான், காலடியும் ஓரமும் போய்விட்டன, என் முகம் தெரிகிறது, தட்டில் பொரியல் எது கூட்டு எது என்று தெரிகிறது, இங்கே கிட்டத்தில் மஞ்சள் கொடி நட்டிருக்கிற புல்திட்டு வரைக்கும் தெரிகிறது. அதற்கு அப்பால் ஒரே வெளிச்சம் என்கிறார். ஒரே வெளிச்சம் என்று சொல்லும்போது குரலில் ஒன்றும் இருக்காது, வானிலை சொல்கிற மாதிரி சொல்வார்.

கண் தெளிவாக இருந்த காலத்தில் இந்தக் கோல்ஃப் கிளப்பில் அவர் ஆட வருவார், நான் கூடவே அந்தக் குட்டி வண்டியில் உட்கார்ந்து வருவேன். மற்ற பெண்களெல்லாம் பந்தல் நிழலில் சீட்டு ஆடிக்கொண்டு, எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டு இருப்பார்கள். எனக்குச் சீட்டும் வராது, ஜூஸ் குடித்தாலும் சளி பிடிக்கும். அடித்த பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. முதலில் சும்மா பொழுது போகாமல் செய்தது. அப்புறம் அவருக்கு அது பழகிவிட்டது, அடிப்பார், திரும்பி என்னைப் பார்ப்பார். நான் சொன்னால் போதும், மேலே பேச்சு கிடையாது, அந்த வேப்பமரம், அந்தக் குட்டையோரம், அந்த மணல்குழிக்கு இப்பால் என்று நேராக நடந்து போய்ப் பந்தை எடுத்துவிடுவார். என் கண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை. கடைசி இரண்டு மூன்று வருஷம் அவரால் பறக்கிற பந்தையே பார்க்க முடியவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நான்தான் பார்த்துச் சொல்கிறேனே. பெற்ற மகள், சுகன்யா, அவளுக்கும் தெரியாது. ஒருநாள் காலடியில் கிடந்த பந்தைத் தாண்டி நடந்து போனார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மறுநாள் மட்டைப் பையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

கம்பெனிக்காவது போய்க்கொண்டிருந்தார். சுகன்யாதான் இப்போது பார்த்துக்கொள்கிறாள், கெட்டிக்காரி, அப்பாவை விட ஒரு படி மேல் என்று ஊரில் சொல்கிறார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அப்பா, நீங்க பக்கத்துல நின்னீங்கன்னா பசங்களுக்குக் கை ஓட மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்தார். கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை மேஜைக்குள் தள்ளி வைத்துவிட்டு, எழுந்து வந்தவர்தான். அதற்கப்புறம் அந்த வாசல்படி மிதிக்கவில்லை. கோபம் இல்லை, சண்டை இல்லை, கேட்டால் "அவிய பாத்துக்குவாங்க" என்பார். மாசக்கணக்கில் கூடத்து நாற்காலி, டிவியில் யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள், இவர் அதைக் கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது. சவரம் செய்துகொள்வதை விட்டுவிட்டார். தாடி வெள்ளையாக முளைத்து, பாவம், யாரோ தெரியாத மனுஷன் நம் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் நான் கோல்ஃப் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், யோசித்தெல்லாம் சொல்லவில்லை. "நீயா?" என்றார். அந்த "நீயா"வில் எவ்வளவு நாளைக்கப்புறம் ஒரு உயிர் இருந்தது! பரணிலிருந்து பை இறங்கியது. அந்த மட்டைகள் எனக்குப் பெரிதாக இருக்கும் என்று அளவு பார்த்து வேறு வாங்கிக் கொடுத்தார். பழைய பை திரும்பப் பரணுக்கே போனது.

குட்டை மட்டைகள் எனக்குச் சீக்கிரமே வசப்பட்டுவிட்டன. பந்து உயரப் போய் மஞ்சள் கொடிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழும், அவருக்கும் அது தெரியும், "ஆ" என்று ஒரு திருப்தி. நீள மட்டையை எடுத்தேனோ இல்லையோ, பிடித்தது சனி. ஸ்லைஸ் என்கிறார்கள் இதற்கு, பந்து வலப்பக்கம் வளைந்து வளைந்து போவதற்கு. குட்டை மட்டை தப்பை மூடி மறைக்கும், நீளமானது காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் சொன்னார். ஆளாளுக்கு ஒரு வைத்தியம். கிளப் கோச் டொமினிக் தம்பி பிடியை மாற்றச் சொன்னார், கட்டைவிரல் கன்றிப்போனது. பந்தல் நிழல் பெண்களில் ஒருத்தி, தாலிக்கொடி ஆடுவதுதான் கவனத்தைக் கலைக்கிறது என்றாள். சரி என்று அதை உள்பக்கமாக ஊக்கு போட்டுக் குத்திக்கொண்டு வருகிறேன், பந்துக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. கக்கத்தில் துண்டை வைத்து விழாமல் அடிக்கச் சொன்னார் இன்னொருவர். காற்று என்று நானே ஒரு சாக்கு கண்டுபிடித்து வைத்திருந்தேன், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இடப்பக்கமிருந்து அடித்துக்கொண்டு வரும், பந்தை வலது பக்கம் தள்ளாமல் என்ன செய்யும் என்று. மார்கழியில் இலைகூட அசையாத காலையிலும் அதே தென்னைக்குள் போய் விழுந்தபோது அந்தச் சாக்கும் போய்விட்டது. வலது பக்கம்தானே போகிறது, இடது பக்கம் பார்த்து நின்று அடித்துவிடலாம் என்று நான் ஒருநாள் என் மூளையை உபயோகித்தேன். இன்னும் மோசமாக வளைந்தது. இடது பக்கம் எவ்வளவு திரும்பி நிற்கிறேனோ அவ்வளவு கோபமாக வலது பக்கம் போகிறது. "இடது பாத்து நின்னா நீ பந்தைக் குறுக்கால வெட்டறே, அதுதான் அப்படிச் சுத்துது" என்று அவர் காற்றில் கையால் போட்டுக் காட்டினார். காட்டும்போது முகம் எப்படி இருந்தது தெரியுமா. பழைய முகம். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்த முகம்.

இதைத்தான் நான் யாரிடமும் சொல்வதில்லை. இந்தப் பாழாய்ப்போன ஸ்லைஸ்தான் அவரைத் தினமும் எழுப்புகிறது. எனக்கு முன்னாலேயே எழுந்து, தடவித் தடவிச் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, "கெளம்பு வசந்தா, வெயில் ஏறிக்கும்" என்கிறார். வரும் வழியெல்லாம் இடுப்பு முதலில் திரும்புகிறதா தோள் முதலில் திரும்புகிறதா என்று பேச்சு. ராத்திரி சாப்பிடும்போதுகூட முருங்கைக்காயைக் கையில் பிடித்து மணிக்கட்டு எப்படி மடங்க வேண்டும் என்று காட்டுகிறார். கோளாறு ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் அவருக்கு. பந்து நேராகப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை, நேராகப் போய்விட்டால் நாளைக்கு இவர் எதற்காக எழுந்திருப்பார் என்று பயம். இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு மட்டையை எப்படிப் பிடிப்பது.

ஃபோன் அடிக்கிறது. அவருடையது. "சுகன்யாவாத்தான் இருக்கும்" என்று எழுந்திருக்கிறார், பந்தடித்துப் பழகுகிற இந்த ரேஞ்சில் பேசினால் மற்றவர்கள் முறைப்பார்கள் என்று சுவரைத் தொட்டபடி பின்னால் வண்டிகள் நிற்கிற பக்கம் போகிறார். நான் ஒரு கண்ணை அவர் மேல் வைத்திருக்கிறேன், படி இருக்கிறது அங்கே, இறங்கிவிட்டார், சரி. நாற்காலி காலியாக இருக்கிறது. மயில் ஒன்று வேலி மேல் உட்கார்ந்து அகவுகிறது, மலைப் பக்கம் மேகம் இன்னும் கலையவில்லை. பந்தை வைக்கிறேன். இப்போது எதையும் நினைக்கத் தோன்றவில்லை, தலையாவது முழங்கையாவது, இட்லிக்கு ஊறப்போட வேண்டும் இன்றைக்கு, உளுந்து இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே மட்டையைச் சுழற்றுகிறேன். டக். என்ன சத்தம் அது? நான் கேட்டதே இல்லை, என் கையிலிருந்து அப்படி ஒரு சத்தம். கையில் அடி விழுந்த உணர்வே இல்லை. பந்து இருந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் நிதானமாக நிமிர்கிறேன், வானத்தின் நட்டநடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு போய்க்கொண்டே இருக்கிறது. வலது பக்கம் சாயப் போகிறது, இதோ சாயப் போகிறது என்று பார்க்கிறேன், சாயவில்லை. நேராகப் போய், நான் இதுவரை பந்து போட்டிராத இடத்தில் விழுகிறது. குருட்டாம்போக்கு என்று இன்னொன்று வைக்கிறேன். டக். நேர். சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருக்கிறது, யாரைப் பார்த்துக் கத்துவது. "ஏனுங்க" என்று திரும்புகிறேன், அவர் தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோனில் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். நல்ல வேளை.

திரும்பி வந்து உட்காருகிறார், கூட்டைத் திறந்து மூடுகிறார். "அடி." அடிக்கிறேன். தென்னைக்குள். சீ! ஏன்? அதே மட்டை, அதே கை. "எங்க போச்சு?" என்று கேட்கிறார், கேட்கும்போதுதான், அந்தக் கேள்வி என் காதில் விழும்போதுதான், எனக்கு உச்சந்தலையில் சுரீரென்று உறைக்கிறது. நான் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்பதற்கு முன்னால், பந்து கிளம்புவதற்கு முன்னால், மட்டை பந்தைத் தொடுவதற்கே முன்னால் என் தலை நிமிர்ந்துவிடுகிறது. தலை நிமிர்ந்தால் இடது தோள் அவிழ்கிறது, தோள் அவிழ்ந்தால் மட்டை குறுக்கே வருகிறது, குறுக்கே வந்தால் வெட்டுகிறது. எத்தனை வருஷமாக வண்டியில் உட்கார்ந்து செய்த வேலை இது! அவர் அடிக்கிறார் என்றாலே என் கண் வானத்துக்குத் தாவிவிடும், பந்தைத் தவற விட்டுவிடக் கூடாதே என்று. இப்போது அடிப்பவளும் நான், பார்க்கிறவளும் நான். குட்டை மட்டை என்றால் பந்து கொடிப் பக்கத்தில் விழும், அவருக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை, ஆகவே தலை சும்மா இருக்கிறது. நீள மட்டை அடிக்கிற தூரம் அவருக்கு வெறும் வெளிச்சம். அங்கே போகிற பந்தை யாராவது பார்த்தே ஆக வேண்டும். டொமினிக் தம்பி எவ்வளவு வைத்தியம் செய்தாலும் இது எப்படித் தெரியும் அவருக்கு.

கண்டுபிடித்துவிட்டேன். சொல்லக் கூடாது. முதலில் தோன்றியது அதுதான், சொல்லவே கூடாது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கை ஓடவில்லை என்று இன்னொரு தடவை, இன்னொருத்தி வாயிலிருந்து, அதுவும் என் வாயிலிருந்து அவர் கேட்கக் கூடாது. கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார். அப்புறம் கூடத்து நாற்காலி, டிவி, தாடி. வேண்டாம் சாமி. காலத்துக்கும் தென்னைக்குள் அடித்துவிட்டுப் போகிறேன், என்ன குறைந்துபோகும், போட்டிக்கா போகப் போகிறேன். ஆனால் அந்த டக் என்கிற சத்தம். கையிலேயே இருக்கிறது இன்னும். அவரை உட்காரவைத்துக்கொண்டே தலையைக் குனிந்திருக்கப் பழகலாமே? பழகலாம், அதற்குக் கழுத்து கேட்க வேண்டுமே. சரி, இன்னொரு பந்தை வைக்கிறேன், குனிந்துகொண்டே இரு, குனிந்துகொண்டே இரு, கண்ணை இறுக மூடிக்கொண்டுகூட அடி. மட்டையைத் தூக்குகிறேன். கூட்டுச் சத்தம் நிற்கவில்லை. மூடித் திறக்கிறது, மூடித் திறக்கிறது.

"நான் அங்க பேசிட்டு இருந்தப்ப ரெண்டு நல்லாப் பட்டுச்சு" என்கிறார் அவர்.

மட்டையை இறக்கிவிடுகிறேன். "அப்படீங்களா?" என்கிறேன். எவ்வளவு கேவலமான நடிப்பு.

"சுகன்யா பேசறதே காதுல விழுகல. அந்தச் சத்தந்தான் கேட்டுது. ரெண்டும் நேராப் போச்சா?"

"போச்சுங்க."

மெதுவாக, தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி ஆரம்பிக்கிறார். "நல்லா ஓடினப்ப என்ன இருந்துச்சு, கெட்டப்ப என்ன இருந்துச்சு. நடுவால எது மாறுச்சு. அதைப் பாத்தாப் போதும், மோட்டாரைப் பிரிக்கவே வேண்டியதில்ல." விரலை ஒவ்வொன்றாக மடக்குகிறார். "காத்து அதே காத்து. மட்டை அதேதான். பந்து அதே கூடையில எடுத்தது. நீ அதே ஆளு." அடுத்த விரல் மடங்காமல் நிற்கிறது. என்னவாவது சொல்லு, வசந்தாமணி, காற்று நடுவில் நின்றுவிட்டது என்று சொல்லு, பந்து புதுசு என்று சொல்லு. "நான்தான் இல்ல" என்று விரலை மடக்கிவிட்டார்.

"நீங்க இல்லீங்க" என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துப் பச்சைப் பாயில் நின்று பந்தடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கிறார். "என்ற தலைங்க. என்ற தலைதான். உங்களுக்குச் சொல்லோணும்னு முன்னாடியே நிமிந்துக்குது."

"நான் கேக்காம இருந்தா?"

"கேக்காட்டியும் நிமிருதுங்க. பழகிப்போச்சு." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிகிறது. கேட்காமல் இருந்தாலும் என்றால், நீங்கள் பக்கத்தில் இருக்கவே கூடாது என்றுதானே அர்த்தம்? எதைச் சொல்லக் கூடாது என்று இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அதையே அழகாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் கூட்டை மூடுகிறார். சட்டைப் பையில் போடுகிறார். நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கிறார். போச்சு. வண்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்பார், குரலில் ஒன்றும் இருக்காது. நான் என்ன செய்வேன், பின்னாலேயே ஓடுவேன், ஓடி என்ன சொல்வேன். எனக்கு உங்களைத்தான் வேண்டும், பந்து எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இந்த வயதில் ஒரு ரேஞ்சில் நின்று எப்படிச் சொல்வது. அவர் நடக்கிறார். வண்டிப் பக்கம் இல்லை. என் பக்கம். காலால் துழாவி, நான் நிற்கிற பச்சைப் பாயின் ஓரத்தை ஷூ நுனியால் கண்டுபிடித்து ஏறி நிற்கிறார்.

"தள்ளு" என்கிறார். "அதைக் குடு."

மட்டையைக் கொடுக்கிறேன். "இது உங்களுக்குக் குட்டைங்க" என்கிறேன், வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. "குட்டையாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே பிடியைத் தடவிப் பார்க்கிறார். பை பரணில் கிடந்த காலமெல்லாம் கைக்குத் தெரியாத மாதிரி விரல்கள் தாமாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. பாயில் நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர்க் குமிழ் மேல் பந்தை வைக்கிறேன். இரண்டு தோளையும் பிடித்துத் திருப்புகிறேன், சட்டை இஸ்திரி மணக்கிறது, கீழே எலும்பு முன்னை விட மெலிந்திருக்கிறது. "இன்னுங் கொஞ்சம் இடதுங்க. போதும். போதும்." மட்டையின் தலையை எடுத்துப் பந்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன். விலகி நிற்கிறேன், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில். முதல் வீச்சு காற்றில் போகிறது, பந்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. "அட கெரகமே" என்கிறார். பக்கத்துப் பாய்க்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார், புண்ணியவான். நான் போய் மறுபடி மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வருகிறேன். இந்தத் தடவை மெதுவாகத் தூக்குகிறார், தோள் திரும்புகிறது, அந்தத் திருப்பம் எனக்குத் தெரியும், நூறு பேர் நடுவிலும் அடையாளம் சொல்வேன், இறங்குகிறது, படுகிறது.

என் கண் போய்விட்டது அதன் பின்னால். இப்போது நான் குனிந்திருக்க வேண்டியதில்லை, தோளைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. முழுசாக நிமிர்ந்து, நெற்றிக்குக் கையை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். கிளம்பும்போதே கோணல். வலது பக்கம் என்றால் என்னுடைய வலது பக்கம் எல்லாம் ஒன்றுமே இல்லை, தென்னையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மயில் அலறிக்கொண்டு இறங்கி ஓட, அப்பால் யாருடைய சோளக்காட்டுக்குள்ளேயோ போகிறது. இவ்வளவு மோசமாக நான்கூட அடித்ததில்லை. அவர் மட்டையைப் பிடித்தபடியே அந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார்.

"எங்க?" என்கிறார். நேர் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தானே, என்ன கெட்டுப்போகும். எவ்வளவு நாளைக்கப்புறம் அடித்திருக்கிறார் மனுஷன். சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் என் வார்த்தையை நம்பி நேராக நடந்து போனவர் இவர், அந்த வேப்பமரம் என்றால் வேப்பமரம்.

"வலதுங்க" என்கிறேன். "ரொம்ப வலதுங்க. வேலிக்கு அக்கட்டால சோளக்காட்டுக்குள்ள போய் விழுந்துருச்சு."

"விழுந்ததைப் பாத்தியா?"

"விழற வரைக்கும் பாத்தனுங்க."

அவர் மட்டையைக் காற்றில் மெதுவாக ஒரு தடவை இறக்கிப் பார்க்கிறார், பாதியில் நிறுத்துகிறார், மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார், மறுபடி இறக்குகிறார். கண்ணை மூடியிருக்கிறார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு இன்னும் நேரத்துலயே வந்தரோணும்" என்கிறார். "பரண்ல இருக்கற என்ற பையை எடுத்துக்க. இப்ப இன்னொண்ணு வெய்யி."

நான் குனிந்து பந்தை வைக்கிறேன்.